“தானா பேசிருவான்”

என் அக்கா மகனுக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். பதினோராம் மாதம், நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில். தாய்மாமன் என்பதால் பெங்களூரிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போயிருந்தேன். தட்டு வரிசை, தோடு, மொட்டை, சந்தனம், சாப்பாடு, எதிலும் குறை வைக்கவில்லை. ஆசாரி ஊசியை ஏற்றியதும் பையன் வீறிட்டான். “குரலு கணீர்னு இருக்குடா மாப்ளைக்கு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நூற்றைம்பது பேர் கூடி நின்று ஒரு குழந்தையின் இரண்டு காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காதுகளுக்குக் கேட்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கேட்கவில்லை. இரண்டு காதும், பிறவியிலிருந்தே. அது எங்களுக்குத் தெரியவந்தபோது அவனுக்கு மூன்று வயது எட்டு மாதம்.

“அதெப்படி அத்தனை நாள் தெரியாமப் போகும்?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்காவிடம், மாமாவிடம், அம்மாச்சியிடம் கத்தினேன். பிறகுதான் உறைத்தது, அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று. அதனால் இந்தக் கட்டுரையில் நான் யாரையெல்லாம் திட்டுகிறேனோ அவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் போனதற்கு முதல் காரணம் வெடி. நார்த்தாமலைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஊரைச் சுற்றிலும் பாறை, பாறையை ஒட்டிக் குவாரி. வெடி வைத்தால் தரை அதிரும், பாத்திரம் கிணுகிணுக்கும். வெடி வைக்கும்போதெல்லாம் பையன் திடுக்கிட்டுத் திரும்புவான், அம்மாவைப் போய்க் கட்டிக்கொள்வான். “வெடிக்குத் திரும்புறான்ல? அப்புறம் எப்படிடா காது கேக்காம இருக்கும்?” அம்மாச்சியின் இந்த வாதத்தை அப்போது யாராலும் உடைக்க முடியவில்லை. அவன் காதால் திரும்பவில்லை, காலால் திரும்பினான் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. பாறை வழியாக வந்த அதிர்வு அவன் பாதத்தில் ஏறியிருக்கிறது. காது கேளாத குழந்தைகள் அதிர்வையும் நிழலையும் காற்றசைவையும் முகக்குறிப்பையும் கொண்டு சமாளிப்பதில் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்துவைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குவாரி வெடியால் விஜயாலய சோழீச்சரத்துக்கு என்ன ஆகும் என்று நான் ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்லின் மேல் அவ்வளவு அக்கறை. அதே வெடிக்கு மட்டும் திரும்பி, அதன் பிறகு கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத பையன் அக்கா வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான். பொங்கலுக்கும் பங்குனித் தேருக்கும் போய் அவனைத் தூக்கிச் சுற்றிவிட்டு வந்தவன் நான்.

இரண்டாவது காரணம் வெடியை விடப் பெரியது. நம்மிடம் இருக்கும் கதைகள்.

“அவங்கப்பன் நாலு வயசுலதான் பேசுனான்.” “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்.” “தானா பேசிருவான்.” எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது: “குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் வாய் தொறக்கலப்பா. திருச்செந்தூர்ல கொண்டுபோய்ப் போட்டாங்க. பொல பொலன்னு பாட்டாக் கொட்டுச்சு.”

இலக்கியம் வாசிக்கும் நமக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை, ஐந்து வயது வரை பேச்சு இல்லை, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. அவரே பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் எழுதினார். பேசாத பிள்ளையாக இருந்தவர் பிள்ளைப் பருவத்தையே பத்தாகப் பகுத்துப் பாடினார் என்பதில் எனக்கும் ஒரு மயக்கம் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும் அந்த வரிசை, குழந்தை தலை நிமிர்த்துவதையும் கை கொட்டுவதையும் தளர்நடை போடுவதையும் ஒரு சமூகம் கூர்ந்து பார்த்திருக்கிறது என்பதற்குச் சான்று. ஆனால் கவனித்திருக்கிறீர்களா? அந்த இலக்கியம் முழுக்க ஒரு தாய் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆடு என்கிறாள், கொட்டு என்கிறாள், வா என்கிறாள். கூப்பிட்டால் பிள்ளைக்குக் கேட்கும் என்பது அதில் எழுதப்படாத முன்நிபந்தனை.

குமரகுருபரர் கதையின் மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. அதை வைத்தியக் குறிப்பாகப் பயன்படுத்துவதுதான் என் கோபம். திருச்செந்தூருக்குத் தூக்கிப் போகப்பட்டுப் பேசாமலேயே திரும்பி வந்த பிள்ளைகளுக்கு யாராவது வரலாறு எழுதியிருக்கிறார்களா? அவர்கள் வளர்ந்து மாடு மேய்த்தார்கள், கல் உடைத்தார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். பிழைத்தவன் கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றின் ஆழத்தைக் கணக்குப் போடுகிறோம். படித்தவர்கள் இதே கதையை வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள். “ஐன்ஸ்டைனே லேட்டாத்தான் பேசினாராம்!” என் ஆபீஸில் எம்.டெக். முடித்த ஒருவர் இதைச் சொன்னார். திண்ணைப் பெரியவருக்கும் அவருக்கும் வித்தியாசம் சம்பளத்தில் மட்டும்தான்.

இப்போது எதிர்த்தரப்பைப் பார்ப்போம். ‘ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி. இந்த வயதில் இது, அந்த வயதில் அது என்று வெள்ளைக்காரன் போட்ட அட்டவணைக்குள் நம் பிள்ளைகளை அடைக்காதே.’ கேட்க முற்போக்காக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதைப் பகிர்ந்திருக்கிறேன். இரண்டு விஷயங்கள் தெரியாததால் பகிர்ந்தேன்.

ஒன்று, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி என்பது அந்த அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 816 குழந்தைகள் இருந்தார்கள். பிடிக்காமல் தனியாக நடப்பதற்கு அவர்கள் கொடுத்த காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஒன்பது மாதத்துக்கும் மேலான அகலம்! பத்தாம் மாதம் நடந்த பிள்ளையும் பதினாறாம் மாதம் நடந்த பிள்ளையும் இரண்டுமே சரி என்கிறது. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிட்டன, அதுவும் பரவாயில்லை என்கிறது. இவ்வளவு தாராளமான காலத்தையும் தாண்டி ஒரு பிள்ளை நடக்கவில்லை என்றால், ‘ஒவ்வொரு மாதிரி’ என்ற சமாதானம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அடுத்து டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

இரண்டு, வெள்ளைக்காரன் என்ற வாதமே தப்பு. டென்வரில் 1967இல் ஃபிராங்கன்பர்க், டாட்ஸ் இருவரும் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள், அது உலகமெங்கும் போனது, உண்மை. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் உருவான அட்டவணை ஒன்று 1991இல் வெளியானது. இரண்டு வயது வரைக்குமான பதினேழே பதினேழு வரிகள். குழந்தையின் வயது எங்கே வருகிறதோ அங்கே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துவிட்ட வரிகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யவில்லையா, மேலே அனுப்பு. அவ்வளவுதான். பெரிய படிப்பு வேண்டாம், மெஷின் வேண்டாம், ஐந்து பத்து நிமிடம் போதும். பிறகு அதையே ஆறு வயது வரைக்கும் நீட்டினார்கள். மலையாளப் பிள்ளைக்குப் பொருந்துவது புதுக்கோட்டைப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று சொல்ல எந்தத் தேசியவாதமும் போதாது.

சரி, அப்படியானால் அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் எல்லாம் நல்லது செய்கிறார்களா? அங்கேதான் எனக்கு இன்னும் கோபம். இது என் சொந்த வீட்டுக் கதை.

என் மகள் அக்கா மகனை விட நான்கு மாதம் இளையவள். அவளுக்காக என் போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். நான்கு வயது ஆனதும் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. ஒற்றைக் காலில் குதிக்கவில்லை, அதாவது நொண்டி அடிக்கவில்லை. அவள் சேர்ந்திருந்த பிளே ஸ்கூலும் ‘பள்ளித் தயார்நிலை அறிக்கை’ என்று கலர் கலராக ஒன்று கொடுத்தது. கத்தரிக்கோல் பிடிப்பதில் ‘வளர்ந்துவரும் நிலை’. நானும் மனைவியும் இரண்டு இரவு தூங்கவில்லை. வாரம் இரண்டு நாள் ஆக்குபேஷனல் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நொண்டி அடிக்க காசு கொடுத்து ஆள் வைத்த முதல் தலைமுறை நாங்களாகத்தான் இருப்போம்.

பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 பிப்ரவரியில் தன் பட்டியலையே திருத்தியிருக்கிறது. பழைய பட்டியலில் பல வரிகள் பாதிக் குழந்தைகள் ஒன்றைச் செய்யும் வயதை ஒட்டி எழுதப்பட்டவை. அப்படியென்றால் மீதிப் பாதிக் குழந்தைகள் அந்த வரியில் ‘ஃபெயில்’. பெற்றோர் பயந்தார்கள், டாக்டர்கள் “பொறுத்துப் பார்ப்போம்” என்றார்கள், உண்மையில் உதவி வேண்டிய பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போனது. அதனால் நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்யும் வயதுக்கு மாற்றினார்கள். நொண்டி அடிப்பது நான்கு வயதிலிருந்து ஐந்து வயதுக்குப் போய்விட்டது. என் ஆப் பழைய கணக்கிலேயே இருந்திருக்கிறது.

நான் சர்வர்களைக் கண்காணிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் இது பால பாடம். எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்தால், உண்மையில் தீப்பிடிக்கும் அன்று அலாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அலாரத்துக்கான எல்லையை மதிப்பெண்ணாக மாற்றினால், எல்லோரும் மதிப்பெண்ணுக்காக ஓடுவார்கள், சர்வர் எக்கேடு கெட்டால் என்ன. குழந்தை வளர்ச்சி அட்டவணைக்கு நகரத்து நடுத்தர வர்க்கம் இந்த இரண்டு கேடுகளையும் சேர்த்துச் செய்துவிட்டது. விழப்போகும் பிள்ளையைப் பிடிக்கக் கட்டிய வலையை, யார் முதலில் ஏறுவது என்று போட்டி போடும் ஏணியாக மாற்றிவிட்டோம். இரண்டரை வயதில் ஏ பி சி டி, மூன்று வயதில் நூறு வரை எண்ணுதல், நான்கில் அபாகஸ். இவற்றில் ஒன்றுகூட அந்த அட்டவணையில் கிடையாது. அதில் இருப்பவை மிகச் சாதாரணமானவை. பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறதா, அடுத்த பிள்ளையோடு விளையாடுகிறதா, அந்நியருக்கும் புரிகிற மாதிரி பேசுகிறதா.

அந்த ஆப் ஒன்றரை வருடமாக என் போனில் இருந்தது. ‘பன்னிரண்டு மாதம்: பெயருக்குத் திரும்புகிறது’ என்ற வரியில் என் மகளுக்குப் பச்சை டிக் போட்டது நான்தான். அந்த வரியை ஒரு தடவைகூட என் அக்கா மகன் மேல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் இருக்கும் பிள்ளை ‘இயற்கையாக’ வளர்கிறது என்று ஒரு நினைப்பு. மண்ணில் விளையாடுகிறான், ஸ்கிரீன் இல்லை, ஆட்டுக்குட்டியோடு ஓடுகிறான், கொடுத்து வைத்தவன் என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேன். நம் கிராம ஏக்கத்துக்கு அந்தப் பிள்ளை ஒரு வால்பேப்பர்.

இதையெல்லாம் தாண்டி ஒருவர் மட்டும் பார்த்தார். அங்கன்வாடி டீச்சர்.

அவனுக்கு இரண்டரை வயது இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். “பாட்டுக்குக் கையக் கால ஆட்டுறான், ஆனா பக்கத்துப் புள்ளயப் பாத்துட்டுத்தான் ஆட்டுறான். முதுகுப் பக்கமிருந்து கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறான். ஒருக்கா காதக் காட்டிருங்கக்கா.” எவ்வளவு நுட்பமான கவனிப்பு! பார்த்து ஆடுவதற்கும் கேட்டு ஆடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க எத்தனை பேரால் முடியும்? எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த பதில்: “சத்துமாவு குடுக்குறவளுக்கு டாக்டர் வேல எதுக்கு?” ஆறு மாதம் கழித்து மறுபடியும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பையனை அங்கன்வாடிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதை நான் எங்கள் வீட்டுத் திமிர் என்று மட்டும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஐம்பது வருடம் பழைய திட்டம், 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. மூன்று வயதுப் பிள்ளையைத் தினமும் நான்கைந்து மணி நேரம், பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கிற ஒரே அரசு ஊழியர் அந்த டீச்சர். குழந்தை மருத்துவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதுவும் அழுகிற பிள்ளை. ஒப்பிட்டுப் பார்க்கும் கண் டீச்சருக்குத்தான் இருக்கிறது. அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்ன? எடை போடு, உயரம் எடு, போனில் ஏற்று, சிக்னல் இல்லையா, மரத்தடிக்குப் போய் ஏற்று, வாக்காளர் பட்டியல் வேலைக்கு வா. ஊழியர் என்று சொல்லக்கூட மனமில்லாமல் மதிப்பூதியம் என்ற பெயரில் சம்பளம். அவர் சொல்லும் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு வருவது எப்படி?

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும், வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் அன்றைக்கு வராத பிள்ளை? வீட்டில் நிறுத்திவைத்த பிள்ளை? தாத்தாவோடு காட்டுக்குப் போன பிள்ளை? வருடத்துக்கு இரண்டு நாள் வருகிற குழுவை நம்பி, வருடம் முழுக்கப் பார்க்கிற டீச்சரைக் கணக்கில் எடுக்காத ஏற்பாடு ஓட்டை விழுந்த ஏற்பாடுதான். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வின்படி, இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு குறை இருந்தது. காது கேளாமையும் அதில் அடக்கம். இருபது பிள்ளைகள் உட்காரும் அங்கன்வாடியில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அவசரம் ஏன்? காதில் பிரச்சினை என்றால் எப்போது கண்டுபிடித்தாலும் மெஷின் மாட்டிக்கொள்ளலாமே?

முடியாது. இதுதான் யாரும் உரக்கச் சொல்லாத விஷயம். கேட்கும் திறன் காதில் மட்டும் இல்லை. மூளை முதல் சில வருடங்களில் ஒலியைக் கேட்டுக் கேட்டுத்தான் மொழியைக் கட்டுகிறது. ஒலி வராவிட்டால் அந்த இடத்தை மூளை சும்மா வைத்திருக்காது, வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சைக்கு ஆறு வயதுக்குள் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சையை இலவசமாகச் செய்ய அரசு தயாராக இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வயது ஏற ஏற மூடிக்கொண்டே வருகிறது. ‘தானா பேசிருவான்’ என்று சொல்கிற ஒவ்வொரு பெரியவரும் தெரியாமலே அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறார்.

எங்கள் பையனுக்கு நான்கு வயது இரண்டு மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது ஐந்தரை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சினிமாவில் வருவது போல முதல் ஒலி கேட்டுச் சிரிக்கவில்லை, பயந்து அழுதான். வாரம் இரண்டு நாள் அக்கா அவனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். “அம்மா தண்ணி”, “ஆடு போச்சு” என்கிறான். இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சு. அவன் வயதுப் பிள்ளைகள் கதை சொல்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், சண்டையில் நியாயம் பேசுகிறார்கள். எட்டிப் பிடிப்பானா? ஓரளவு பிடிப்பான் என்கிறார் பயிற்சியாளர். முழுதாக என்று சொல்லவில்லை. அந்த ‘ஓரளவு’க்கும் ‘முழுதாக’வுக்கும் நடுவில் இருப்பது நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து கழித்த மூன்று வருடம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என் அக்கா கட்டிக்கொண்டது எங்கள் சொந்தத் தாய்மாமனை. அவள் மகனுக்கு அப்பத்தாவும் எனக்கு அம்மாச்சியும் ஒரே ஆள். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது பிறவிக் காதுகேளாமைக்கான வாய்ப்பு கூடுகிறது என்று டாக்டர் சொன்னார். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் கால்வாசிக்கும் மேல் சொந்தத்தில் கட்டியவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இன்றைக்கே அதை நிறுத்து என்று நான் சொன்னால் ஊரில் சோறு கிடைக்காது. ஆனால் சொந்தத்தில் கட்டிய வீட்டில் பிள்ளை பிறந்தால், முதல் மாதமே காதைச் சோதித்துவிடுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? காது குத்துக்கு ஆகிற செலவில் ஒரு துளிகூட ஆகாது.

கௌரவம்தான் பிரச்சினை என்பதும் எனக்குத் தெரியும். ‘குறை’ என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் முதலில் பழி விழுவது தாய் மேல். “எங்க வம்சத்துல இல்லையே” என்பார்கள், வம்சம் ஒன்றாகவே இருந்தாலும். அக்காவுக்குச் சந்தேகம் முன்பே இருந்திருக்கிறது. பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். அவன் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாளாம். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவளைச் சொல்லவிடாமல் வைத்திருந்த திண்ணையைத்தான் சொல்கிறேன். பெயர் வைத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்துவதாகும் என்று நகரத்தில் நாசூக்காகப் பேசுகிறவர்களும் அந்தத் திண்ணையில் ஓர் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவர் வைக்கும் பெயருக்கு ஒரு சிகிச்சை உண்டு, ஒரு சலுகை உண்டு. ஊர் வைக்கும் பெயருக்கு எதுவும் கிடையாது.

எனக்குத் தெரிந்த தீர்வுகள் சின்னவை. டீச்சர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டுக்கு மாவட்ட மையத்தில் ஒரு தேதி கிடைக்க வேண்டும், தேதி தவறினால் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். அங்கன்வாடிச் சுவரில் ஆப்பிள் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதினேழு வரிகளும் தமிழில் இருக்க வேண்டும். பிரசவமான ஆஸ்பத்திரி எதுவானாலும் செவிச் சோதனை செய்யாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எங்கள் பையன் பிறந்த இடத்தில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இன்னும் குழந்தை இல்லை. ஆனால் நீங்கள் யாருக்கோ மாமா, சித்தி, அத்தை, சித்தப்பா. பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று, தரையை மிதிக்காமல், கை தட்டாமல், சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில். ஒன்றரை வயது நெருங்கியும் ஒரு வார்த்தைகூட வரவில்லையா, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேரவில்லையா, கவனியுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஒரு நாள் பஸ் செலவோடு போகும். வீட்டில் சண்டை வரலாம். நான் கத்திய பிறகு அக்கா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அங்கன்வாடி டீச்சரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குத் தம்பி” என்றார். பிறகு பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, மூலையில் தனியாக மணலை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளையைக் காட்டினார். “அந்தப் பாப்பா கண்ணப் பாத்துப் பேசவே மாட்டேங்குது. அவங்க அம்மாகிட்டச் சொல்லிருக்கேன். நீங்களும் ஒரு வார்த்த சொல்றீங்களா? படிச்சவங்க சொன்னா கேப்பாங்க.”